கோவில்பதாகையில் எடுத்த மூன்று படங்கள்

கோவில்பதாகை
10.6.2024

தம்பி வெற்றிச்செல்வனுக்கு,

நீ என்னிடம் பொய் சொன்னாய். என் வீட்டுக்காரர் மதுரைவீரன் இறந்த அன்று நீ எடுத்த படம் லைட் பட்டுக் கெட்டுப்போனது என்றாய். கெடவில்லை. அந்தப் பிலிம் உன்னிடம் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்.

சுகம் விசாரிப்பதை இந்த ஒரு தடவை கடிதத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். பொறுத்துக்கொள்.

போன வாரம் பானுப்பிரியா தன் போனில் உன் பேட்டியைக் காட்டினாள். சின்ன வயதில் கேமரா மேல் வந்த ஆசை எப்படித் தொழிலாக ஆனது என்று ஒரு பெண் கேட்க, நீ மைசூரில் உன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதில் சொன்னாய். கேமராவை நம் அப்பா வாங்கித் தந்தார் என்றாய். அப்பாவுக்கு கேமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. மூர் மார்க்கெட்டில் பழசாக அதை வாங்கியவர் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை உன் கையில் கொடுத்து ஏரிக்கரைக்கு அனுப்பியவரும் அவர்தான். நீ எருமையை எடுத்தாய், ரயிலை எடுத்தாய். அவரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பிலிம் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “நானே கழுவின முதல் பிலிம், யாருக்கும் காட்டினதில்ல” என்று சிரித்தாய். பானுவை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். பெரிதாக்கச் சொன்னேன். மூன்று கட்டம். மூன்றிலும் ஒரு நாற்காலி, அதில் ஓர் ஆள், பக்கத்தில் கட்டம் போட்ட புடவையில் ஒருத்தி. பிலிமில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான்.

எங்கள் கல்யாணத்துக்குப் படம் கிடையாது. அவருடைய கம்பெனி அடையாள அட்டையில் இருந்த ஒரே படத்தை, அவர் போனதும் அட்டையோடு திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பானு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அவள் அப்பா முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்த எனக்கோ மறந்துவிட்டது. மூக்கு ஞாபகம் இருக்கிறது, மீசை ஞாபகம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் அவர் வரவில்லை.

அந்தத் துண்டை எனக்கு அனுப்பு.

நீயும் கார்த்திகாவும் சுகம்தானே. என் முட்டி பரவாயில்லை.

அக்கா
குப்பம்மா


மைசூரு
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு, வெற்றி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் கார்த்திகாவும் நன்றாக இருக்கிறோம். சர்க்கரை மாத்திரையை விடாமல் போட்டுக்கொள். இங்கே நல்ல மழை. உன் கடிதம் பார்த்ததும் போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய்.

கேமரா விஷயத்தில் தப்பு என்னுடையது. பேச்சு வேகத்தில் அப்பா என்று வந்துவிட்டது. மாமாவை நான் மறப்பேனா?

ஆனால் அந்தப் பிலிம் நீ நினைப்பது அல்ல. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியரை உட்கார வைத்து எடுத்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தால் யாரும் யாராகவும் தெரிவார்கள்.

பானுவையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு பத்து நாள் இங்கே வந்து இரு. டிக்கெட் நான் போடுகிறேன்.

உன் தம்பி
வெற்றி


கோவில்பதாகை
3.7.2024

தம்பிக்கு,

சர்க்கரை மாத்திரை போடுகிறேன். மைசூருக்கு வரவில்லை. போனிலும் பேச மாட்டேன். போனில் நீ டவர் இல்லை என்பாய். காகிதத்தில் எழுதியதை அப்படிச் சொல்ல முடியாது. நான் அம்பத்தூர் கம்பெனியில் அட்டைப்பெட்டிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே எழுத்துக் கற்றவள். எழுதினதை எழுதினபடி படிப்பேன்.

உன் தலைமை ஆசிரியர் பக்கத்தில் நான் ஏன் தலை நிறையப் பூவோடு நிற்கிறேன்?

நீ மறந்திருந்தால் அன்றைக்கு நடந்ததை நான் சொல்கிறேன். விடிகிற நேரம் வயிறு வலிக்கிறது என்றார். இமை இரண்டும் தொங்கிப்போயின. நாக்குக் குழறியது. பிறகு பேச்சுமில்லை, அசைவுமில்லை. பாயைத் தூக்கினால் அடியில் கட்டுவிரியன். அவருடைய அண்ணன் கஜபதி மாமா அதை அடித்துப் போட்டுவிட்டு, தம்பி மூக்கில் கை வைத்துப் பார்த்து, “பூட்டான்” என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும், உடம்பை அறுப்பார்கள், ஊருக்குத் தெரிவதற்குள் மண்ணில் வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்.

பதினொரு மணிக்குக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, தாடைக்குத் துணி கட்டி, நெற்றியில் காசு வைத்து, பந்தலில் நாற்காலியில் உட்கார வைத்தோம். எனக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். படம் எடுக்க வெளியாளைக் கூப்பிட்டால் சேதி பரவும் என்று மாமா உன்னை எடுக்கச் சொன்னார். உனக்குப் பதினாலு வயது. முக்காலிமேல் கேமராவை வைத்தாய். நிழலில் வெளிச்சம் பத்தாது, பொத்தானை அமுக்கிப் பிடித்து மூன்று எண்ண வேண்டும் என்றாய். “யாரும் அசையாதீங்க” என்று பெரிய மனுஷன் மாதிரி சத்தம் போட்டாய். நான் மூச்சைக்கூட விடவில்லை.

இது உன் ஆண்டு விழாவா?

பிலிமை அனுப்பு.

குப்பம்மா


மைசூரு
8.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். குடகில் ஒரு கல்யாண வேலை, பிறகு எனக்குக் காய்ச்சல். இப்போது தேவலை. உன் முட்டிக்கு அந்தத் தைலம் அனுப்பவா?

சரி, அது அந்தப் பிலிம்தான். நீ ஜெயித்தாய். ஆனால் நிஜமாகவே அது கெட்டுப்போனது அக்கா. கலங்கலாக இருக்கிறது. மாமாவை அந்த நிலையில், தாடைத் துணியோடு, இத்தனை வருடம் கழித்து நீ பார்க்க வேண்டாம் என்றுதான் மறைத்தேன்.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். முதல் கட்டத்தில் முகம் ஓரளவு தெளிவு. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, துணியையும் காசையும் எடுத்துவிட்டு, கண்ணைத் திறந்து, நிறம் கொடுத்து, பெரிய சட்டம் போட்டு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். முன்னெல்லாம் ஸ்டூடியோக்களில் இறந்தவர் படத்துக்குத் தூரிகையால் கண் திறப்பார்கள். அதைவிட இது நன்றாக வந்திருக்கிறது. பார்த்தால் பேசுவது போல இருக்கும்.

இதை வைத்துக்கொள். பிலிமை மறந்துவிடு.

உன் தம்பி
வெற்றி


கோவில்பதாகை
20.8.2024

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டது பற்றிச் சந்தோஷம். தைலம் வேண்டாம்.

படம் வந்தது. பானு அழுதாள். கூடத்தில் மாட்டுவதற்கு ஆணி வாங்கி வந்துவிட்டாள். அவள் பெண் கிருஷ்ணப்பிரியா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் அதன் எதிரில் நின்றாள்.

“ஆயா, இந்தத் தாத்தா இன்னாத்துக்கு வெற்றி தாத்தா மாதிரி பாக்குது?”

பானு அவளை அதட்டினாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். குழந்தை சொன்னது சரி. அவை உன் கண்கள். அவருக்குக் கண் இல்லாத இடத்தில் உன் கண்ணை எடுத்து வைத்திருக்கிறாய். அவர் முகத்துக்குள்ளிருந்து நீ என்னைப் பார்க்கிறாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அக்காவுக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்ப்பாயே, அது.

நான் சமையலறைக்குப் போனால் அங்கேயும் பார்த்தது. செய்தித்தாளில் சுற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். பானு என்னோடு பேசுவதில்லை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். அன்று நீ மூன்று தடவை அமுக்கினாய். அந்தக் காலத்தில் பிலிம் என்ன விலை விற்றது, ஒரே படத்தை ஏன் மூன்று எடுத்தாய்? நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. இரண்டாவது எடுத்துவிட்டு, “அசைஞ்சிடுச்சு, இன்னொண்ணு” என்றாய். யார் அசைந்தது? நான் அசையவில்லை.

இன்னொன்று. மூன்றாவது எடுத்து முடித்ததும் அவரைத் தூக்கினார்கள். அப்போது என் முந்தானை இழுபட்டது. கஜபதி மாமா குனிந்து அதை விடுவித்தார். எதில் மாட்டியிருந்தது? உன் மூன்றாவது படத்தைப் பார்த்துச் சொல்.

குப்பம்மா


கோவில்பதாகை
6.10.2024

தம்பிக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்று கார்த்திகா பானுவிடம் போனில் சொன்னாளாம். அது போதும்.

நீ பேசாததால் நான் வேறு இடங்களில் கேட்டேன். முட்டிக்கு மின்சாரம் வைக்கப் போகிற இடத்தில் ஆக்னஸ் என்று ஒரு நர்சு. கட்டுவிரியன் கடித்தவர்கள் செத்தவர் மாதிரியே கிடப்பார்கள், மூச்சு இருப்பது வெளியே தெரியாது, உள்ளே எல்லாம் காதில் விழும் என்றாள். அப்படிக் கிடந்து, மூச்சுக்கு மிஷின் வைத்துப் பிழைத்தவரைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னாள்.

அவள் சொல்லாத ஒன்று எனக்கே தெரியும். அவர் போன பிறகு இந்தத் தெருவில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். விடியலில் போனவரைப் பதினொரு மணிக்கு நாற்காலியில் உட்கார வைக்க நாலு ஆள் வேண்டும். கை கால் மரக்கட்டையாக இருக்கும். அவரை நானும் கஜபதி மாமாவும் இரண்டே பேர் உட்கார வைத்தோம். முட்டி சொன்னபடி மடங்கியது. இதை நான் பல வருடமாக யோசிக்காமல் வைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஆவடியில் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனேன். மாமா மகன் வீட்டில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. வாசலில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள். சொம்புத் தண்ணீர்கூட நடுங்கிக்கொண்டே இருந்தது.

“வா குப்பு. இன்னாத்துக்கு இவ்ளோ தூரம்? போன்ல கேக்கக் கூடாதா?”

“போன்ல மூஞ்சி தெரியாது மாமா.”

“என் மூஞ்சில இன்னா கீது? பல்லே இல்ல.”

“அன்னைக்கு அவரத் தூக்கசொல்லோ என் முந்தானி எதுல மாட்டிக்கினு இருந்துச்சு?”

என்ன கேட்டாய் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. எந்த அன்றைக்கு என்றும் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“ஆணில மாட்டிக்கினு இருந்துச்சு” என்றார்.

“அது இஸ்கூல்ல இருந்து எடுத்தாந்த இரும்பு மடக்கு நாற்காலி. அதுல ஏது ஆணி?”

சொம்பை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, “கை சூடா இருந்துச்சு” என்றார். “வெயில்ல உக்கார வெச்சோமே, அதான்னு நெனைச்சேன்.”

“பந்தல்ல ஏது மாமா வெயில்?”

“நாப்பது வருசம் ஆவப்போவுது. இப்ப வந்து பஞ்சாயத்து பண்றியே. உன் தம்பி கையில அந்தக் கேமராவக் குடுத்து, நீயே வெச்சுக்கடான்னேன். அவன் அன்னையிலேந்து வாய் தொறக்கல. படிச்சவன், பொழச்சிக்கினான். நீ இன்னாத்துக்கு தொறக்கற?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இனி உனக்கு மறைக்க ஒன்றுமில்லை. எழுது.

குப்பம்மா


மைசூரு
15.11.2024

அக்கா,

சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இப்போது பிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதல் படத்தில் மாமாவின் இரண்டு கையும் மடியில் இருக்கின்றன. உள்ளங்கை மேலே பார்த்து, நீங்கள் வைத்தபடி. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்றுதான் மறுபடி எடுத்தேன்.

இரண்டாவது படத்தில் நீ, கஜபதி மாமா, பின்னால் நிற்கிற பெண்கள் எல்லாரும் துல்லியம். நான் அசையாதீர்கள் என்றேன், அத்தனை பேரும் கல்லாக நிற்கிறார்கள். உன் பூவில் ஒவ்வொரு இதழும் தெரிகிறது. கலங்கலாக இருப்பது ஒன்றே ஒன்று. மாமாவின் வலது கை. மடியிலிருந்து உன் பக்கமாகப் புகை மாதிரி இழுபட்டிருக்கிறது.

மூன்றாவதில் அந்தக் கை துல்லியம். உன் முந்தானையின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. உடம்பு சரிந்தால் கை கீழே விழும் அக்கா. இது மேலே வந்திருக்கிறது. இரண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் துணி மடிந்திருக்கிறது.

நான் அதைப் பார்த்தேன். அன்றைக்கே, கேமராவுக்குள் பார்த்தேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் ஏதோ நகர்ந்தது தெரிந்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேள். மாமா உயிரோடு இருக்கிறார் என்று தோன்றவில்லை. படம் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றியது. ஒரு படம் வீணாகிவிட்டதே என்று அவர்மேல் கோபம் வந்தது. அதனால்தான் இன்னொன்று என்றேன். மூன்றாவதில் யாரும் அசையவில்லை, நன்றாக வந்திருக்கும் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கஜபதி மாமா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். “அதக் கழுவாத. லைட் பட்டுப் பூட்ச்சுன்னு சொல்லிடு. கேமரா இனிமே உன்துதான்” என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேமரா என்னுடையது என்றதுதான் காதில் விழுந்தது.

நாலு வருடம் கழித்து அம்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது அதைக் கழுவினேன். இருட்டறையில் காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினால் கறுப்பாக இருப்பதுதான் முதலில் வரும். வெள்ளை வேட்டி வரவில்லை, முகம் வரவில்லை. வெறும் காகிதத்தில் முதலில் கை வந்தது. அது எதைப் பிடித்திருக்கிறது என்பது பிறகு வந்தது. அந்தக் காகிதத்தை எரித்தேன். பிலிமை எரிக்க முடியவில்லை.

எதை எடுத்தாலும் இரண்டு தடவை எடுக்கிறேன் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். எடுத்ததும் முதலில் எல்லாருடைய கையையும் பார்க்கிறேன். தூங்குகிற குழந்தையை எடுக்கச் சொன்னால் வேலையை விட்டுவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை இந்தப் பிலிமை எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தக் கை போன வருடத்தைவிடக் கொஞ்சம் உன் பக்கம் போயிருப்பது போலத் தெரிகிறது. அளந்துகூடப் பார்த்தேன். அளவு மாறவில்லை. ஆனாலும் தெரிகிறது.

பேட்டியில் ஏன் அதைத் தூக்கிக் காட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பார்க்க மாட்டாய் என்று நினைத்தேன். நீ பார்க்க வேண்டும் என்றும் நினைத்தேனோ என்னவோ.

வெற்றி


கோவில்பதாகை
24.11.2024

மாமாவுக்கு பானுப்பிரியா எழுதுவது.

நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை அம்மா வாசலில் நின்றபடியே படித்தது. அழவில்லை. என் கையில் கொடுத்து, “நீயும் படி, உங்கப்பன் சேதி” என்று சொல்லிவிட்டுச் செருப்புப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போயிற்று. அங்கே இப்போது சுற்றுச்சுவர் கட்டி, மண் கொட்டி, மேடெல்லாம் சமமாக்கிவிட்டார்கள். அப்பாவை எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஒவ்வோர் இடமாகக் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. கொஞ்ச நேரம் வைக்கும், எடுக்கும், நாலடி தள்ளிப் போகும், மறுபடி வைக்கும். முட்டி வலியோடு. சுடுகாட்டுக் காவல்காரர், “இன்னா தொலைச்சிட்ட பெரிம்மா?” என்று கேட்டார். அம்மா, “கொஞ்சம் பேசாம இருப்பா” என்று கையைக் காட்டியது. எதையோ கேட்கிற மாதிரி. இருட்டுவதற்கு முன்னால் கூட்டி வருவது பெரும்பாடாகிவிட்டது.

நேற்றும் போயிற்று. இன்றும் போயிருக்கிறது.

மாமா, எனக்கு அப்பா முகம் பார்க்க ஆசைதான். ஆனால் அந்த முகம் வேண்டாம். நீங்கள் அனுப்பிய கண் திறந்த படமே போதும். உங்கள் கண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பிலிமை எரித்துவிடுங்கள். எரித்துவிட்டு அம்மாவுக்குத் தபாலில் தொலைந்துபோனதாக எழுதிவிடுங்கள்.

பானு


மைசூரு
2.12.2024

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் வெளியே போகாதே.

பிலிமை எரிக்கச் சொல்லி பானு எழுதியிருக்கிறாள். தபாலில் தொலைந்தது என்று உன்னிடம் சொல்லச் சொல்கிறாள். இன்னொரு பொய் என்னால் முடியாது. ஆனால் அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தீப்பெட்டியும் பிலிமும் என் மேஜைமேல் இருக்கின்றன. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

வெற்றி


கோவில்பதாகை
9.12.2024

தம்பி வெற்றிச்செல்வனுக்கு,

நான் இருக்கிறேன். சுடுகாட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குளிர்ந்துதான் இருக்கிறது.

உன்னை மன்னிக்கவில்லை. பதினாலு வயதில் நீ பார்த்துவிட்டு அறியாமல் விட்டதை மன்னிப்பேன். பதினெட்டு வயதில் இருட்டறையில் அறிந்துகொண்டு வந்து என் கையால் சோறு வாங்கித் தின்றாயே, அதை மன்னிக்க மாட்டேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

பானு எரிக்கச் சொன்னதை என்னிடமும் சொல்லிவிட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். அந்தத் துண்டில் நடந்தது பயங்கரம்தான். ஆனால் நான் வேறொன்றையும் யோசித்துப் பார்த்தேன். அவர் உயிரோடு இருக்கும்போது எடுத்ததில் உலகத்தில் மிஞ்சியிருக்கும் படம் அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு எடுக்காத படம் அது. நான் பூ வைத்திருக்கிறேன், அவர் என் முந்தானையைப் பிடித்திருக்கிறார். அதை எரிக்க நீ யார், அவள் யார்?

செய்ய வேண்டியதை எழுதுகிறேன். அவரவர் பங்கை அவரவர் செய்ய வேண்டும்.

நீ ஜனவரி ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே வர வேண்டும். தபால் வேண்டாம், கூரியர் வேண்டாம். பிலிமை உன் கையில் எடுத்து வா. கார்த்திகாவுக்கும் எல்லாம் சொல்லிவிட்டுக் கூட்டி வா.

மூன்றாவது படத்தை மட்டும் பெரிதாகப் போட்டு எடுத்து வர வேண்டும். கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். கண்ணைத் திறக்காதே. தாடைத் துணியையும் நெற்றிக் காசையும் அழிக்காதே. அவை நாம் செய்தவை, அவை தெரிய வேண்டும். ஓரத்தில் யாரையும் வெட்டாதே, கஜபதி மாமா நிற்பதும் தெரியட்டும்.

பானு பூந்தமல்லிக்கு ஆட்டோவில் போய் மாமாவைக் கூட்டி வர வேண்டும். வர மாட்டேன் என்பார். நான் வந்தால் அவர் மகன் எதிரில் வைத்துக் கேட்பேன் என்று சொன்னால் வருவார். அவர் அந்தப் படத்துக்கு எதிரில் நின்று, என் முந்தானையை எதிலிருந்து விடுவித்தார் என்பதைப் பானுவிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதும். சொன்ன பிறகு அவருக்கு நான் சோறு போடுவேன்.

நீ அனுப்பிய கண் திறந்த படத்தை நீயே திருப்பி எடுத்துப் போக வேண்டும்.

பேட்டி எடுத்த பெண்ணை நீ மறுபடி கூப்பிட்டு, கேமரா யாருடையது, எப்படி உன் கைக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். ஜனவரி முடிவதற்குள். பானு போனில் பார்த்து எனக்குச் சொல்வாள்.

படத்தைக் கூடத்தில் மாட்டுவது பானுவின் வேலை. மனம் வராவிட்டால் நான் முக்காலி போட்டு ஏறுவேன், அவளுக்குத் தெரியும். மாலை போடக் கூடாது. பொட்டு வைக்கக் கூடாது. மறைவு என்று தேதி எழுதக் கூடாது. உயிரோடு இருப்பவர்கள் படத்துக்கு அதையெல்லாம் யாரும் செய்வதில்லை.

அதன் அடியில், வெள்ளை ஓரத்தில், உன் கையால் நீ எழுத வேண்டும். மதுரைவீரன், குப்பம்மா, வயிற்றில் பானுப்பிரியா. எடுத்தது வெற்றிச்செல்வன்.

அக்கா
குப்பம்மா